பிசிசியன் அசிஸ்டென்ட் படிக்க வருகிறீர்களா? விண்ணப்பம் முதல் வேலை வரை

ஜூன் மாதம் பிறந்தால் தெரியாத எண்களிலிருந்து எனக்கு அழைப்பு வர ஆரம்பித்துவிடும். "அக்கா, நம்ம ஸ்கூல் டீச்சர்தான் உங்க நம்பர் கொடுத்தாங்க. பிசிசியன் அசிஸ்டென்ட் சீட் கிடைக்கும்போல இருக்கு. சேரலாமா?" பேசி முடிப்பதற்குள் அப்பாவோ மாமாவோ போனை வாங்கி, "அது நர்ஸ் வேலையாம்மா, டாக்டர் வேலையா?" என்று கேட்பார்கள்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்க்காரி. தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து இந்தப் படிப்புக்கு வந்தேன். இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையின் இதய அறுவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடியாததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டிலும் காட்டுங்கள்.

என்ன வேலை இது?

என்னுடைய ஒரு காலைப்பொழுதைச் சொன்னால் எளிதாகப் புரியும். ஏழு மணிக்கு ஐ.சி.யூ.வுக்குள் போவேன். முந்தைய நாள் பைபாஸ் ஆன நோயாளியின் சார்ட்டைப் பார்ப்பேன். ராத்திரி எவ்வளவு சிறுநீர் வந்தது, நெஞ்சில் வைத்த குழாயில் மணிக்கு எத்தனை மில்லி ரத்தம் வடிந்தது, காய்ச்சல் உண்டா, பொட்டாசியம் எவ்வளவு. பிறகு நோயாளியிடம் பேசி, நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டு, காயத்தைப் பார்த்து எழுதுவேன். எட்டு மணிக்கு சர்ஜன் ரவுண்ட்ஸ் வரும்போது இதையெல்லாம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லியாக வேண்டும். முடிவு எடுப்பது அவர். அதன் பிறகு ஆபரேஷன் தியேட்டர். பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுப்பதில் ஆரம்பித்துத் தையல் போடுவது வரை, சர்ஜன் சொல்லிக்கொடுத்து, பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்ட வேலைகளைச் செய்வேன். மதியத்துக்கு மேல் டிஸ்சார்ஜ் சம்மரி. வீட்டுக்குப் போகிறவரின் மனைவியிடம் எந்த மாத்திரை எப்போது என்று சொல்லிக்கொடுப்பதும் அந்த நேரத்தில்தான்.

டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பார்த்து, விவரம் எடுத்து, பரிசோதித்து, டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்னதை நடத்திக்கொடுப்பது. இவ்வளவுதான் வேலை. நர்ஸிங் தனித் தொழில். நோயாளியின் பக்கத்தில் எந்நேரமும் இருப்பது அவர்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொழில் பிறந்தது அமெரிக்காவில். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-இல் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் நான்கு பேர். எல்லோரும் கடற்படையில் மருத்துவ உதவி செய்த அனுபவம் உள்ளவர்கள். இந்தியாவுக்கு இது வந்த வழி சென்னைதான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் இங்கே முதல் படிப்பைத் தொடங்கினார். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தவரும் அவர்தான். இதய அறுவை அரங்கிலிருந்து வளர்ந்ததால்தான் இன்றும் நம்மில் பலர் இதயப் பிரிவுகளில் இருக்கிறோம். எலும்பு, நரம்பு, எமர்ஜென்சி, சிறுநீரகம் என்று இப்போது எல்லாப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊரில் "பி.ஏ. படிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். "எந்த மேஜர்?" என்று கேட்பார்கள், இல்லையென்றால் மந்திரிக்கு பி.ஏ.வா என்பார்கள். பி.எஸ்சி. பிசிசியன் அசிஸ்டென்ட் என்று முழுதாகச் சொல்லிப் பழகுங்கள்.

சேர்வதற்கு முன்னால் மனதில் தீர்த்துக்கொள்ள வேண்டியது

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் வந்தவர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் படிப்பிலிருந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் குறுக்குவழி கிடையாது. நான்கு வருடம் முடித்தாலும், பத்து வருடம் அனுபவம் வந்தாலும், நாம் டாக்டர் ஆக மாட்டோம்.

இன்னொரு தடவை நீட் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளே இருந்தால், எழுதிவிட்டே வாருங்கள். சேர்ந்த பிறகு பகலில் வார்டு, ராத்திரியில் நீட் புத்தகம் என்று இருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டும் நடக்கவில்லை. ஒருத்தி முதல் வருட அனாடமியிலேயே அரியர் வைத்து, அந்த வேதனையில் படிப்பையே விட்டுவிட்டாள். கெட்டிக்காரப் பெண். அவளுக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லையே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

விண்ணப்பம்

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழுதான் கலந்தாய்வு நடத்துகிறது. அலுவலகம் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது, விண்ணப்பம் ஆன்லைனில். "பாராமெடிக்கல் பட்டப்படிப்புகள்" என்ற பெயரில் ஒரே விண்ணப்பமாக வரும். கார்டியாக் டெக்னாலஜி, டயாலிசிஸ், ரேடியோகிராபி, ரெஸ்பிரேட்டரி தெரபி, ஆப்டோமெட்ரி எல்லாம் அதிலேயே இருக்கும். பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் இரண்டும் படித்தவர்களும் போடலாம். நான் சேர்ந்தபோது பன்னிரண்டாவது மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை, நீட் கேட்கவில்லை. உங்கள் ஆண்டின் விதிகளை அந்த ஆண்டுத் தகவல் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

சான்றிதழ்களை ரிசல்ட் வருவதற்கு முன்பே தயார் செய்யுங்கள்: பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று. வீட்டில் நீங்கள்தான் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றும் வாங்கி வையுங்கள். ஜூனில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2022-இலிருந்து. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-இல் தொடங்கியது. கல்லூரியில் சேர்ந்ததும் அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். மெஸ் பில்லுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

கல்லூரியைப் பார்த்து எடுங்கள், கட்டடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

முதலில் அங்கீகாரம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் அந்தக் கல்லூரியும், அதில் இந்தப் படிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி இருந்து படிப்பு இல்லாத இடங்களும் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால் பட்டம் அவர்கள் பெயரில் வரும், சேர்க்கையும் தனி. "ஒரே வருடத்தில் பிசிசியன் அசிஸ்டென்ட் டிப்ளமோ" என்று ஒட்டியிருக்கும் போஸ்டர் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது மருத்துவமனை. இந்தப் படிப்பை வகுப்பறையில் பாதிதான் கற்க முடியும். ஒரு வேலைநாளில் காலை ஒன்பதரைக்கு அந்த மருத்துவமனையின் ஓ.பி.யில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். கூட்டம் இருக்கிறதா? வார்டில் ஆள் இருக்கிறார்களா? படுக்கைகள் காலியாகக் கிடந்தால் நீங்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வீர்கள்? அப்புறம் கேன்டீனில் மூன்றாம் வருட மாணவர்களைப் பிடித்துக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் வார்டு, உங்களைக் கேஸ் எடுக்க, அதாவது நோயாளியிடம் விவரம் கேட்டுப் பரிசோதித்து எழுத, விடுகிறார்களா, இல்லை ஃபைல் தூக்க வைக்கிறார்களா? இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே போதும்.

ஒரிஜினல் சான்றிதழ்களை "சீட் உறுதி" என்று சொல்லும் எந்த ஏஜென்ட்டிடமும் கொடுக்காதீர்கள்.

முதல் வருடம்: ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள்

படிப்பு மூன்று வருடம், அதன்மேல் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். தொடக்கத்தில் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, அப்புறம் பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, பார்மகாலஜி, பிறகு மெடிசின், சர்ஜரி என்று போகும்.

தமிழ்வழிப் பிள்ளைகள் முதல் மூன்று மாதம் அழுவார்கள். நானும் ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். வெளியே வர எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. மருத்துவச் சொற்களை உடைத்து எழுத ஆரம்பித்தேன். ஹெப்பட்டோ என்றால் கல்லீரல், மெகலி என்றால் பெருத்தல், ஆக ஹெப்பட்டோமெகலி. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுத்தல், ஆஸ்கோபி என்றால் உள்ளே பார்த்தல். இப்படி நூறு துண்டுகள் தெரிந்தால் ஆயிரம் சொற்கள் தானாகப் புரியும். ஆங்கிலவழியில் வந்தவர்களுக்கும் இந்தச் சொற்கள் புதிதுதான், ஆங்கிலம் பேசத் தெரிவதால் அவர்களுக்குத் தெரிந்ததுபோலத் தோன்றும். தேர்வில் நீண்ட வாக்கியம் வேண்டாம். சின்னச் சின்ன வரிகளாக, படம் போட்டு எழுதுங்கள்.

இ.சி.ஜி.யை முதல் வருடத்திலேயே தொட்டுப் பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. துடிப்பு ஒழுங்காக இருந்தால், இரண்டு ஆர் அலைகளுக்கு (உயர்ந்து நிற்கும் கூர்முனைகளுக்கு) நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதனால் வகுத்தால் இதயத்துடிப்பு வந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75. தினம் ஒரு தாளை எடுத்து இப்படிப் பாருங்கள், மூன்றாம் வருடம் வரும்போது பயமே இருக்காது.

வார்டு: இங்கேதான் படிப்பு

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நான்கு வருடத்தில் நாம் கற்பதெல்லாம் கடைசியில் ஒரே வேலைக்காகத்தான்: நோயாளியிடம் இருப்பதை உள்ளபடி பார்த்து, உள்ளபடி டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பாராததைச் சொன்னாலும் ஆபத்து, பார்த்ததைச் சொல்லாமல் விட்டாலும் ஆபத்து.

இரண்டாம் வருடத்தில் எனக்கு நடந்தது. பொது வார்டில் ஆறு படுக்கைக்கு வைட்டல்ஸ் எடுக்கச் சொன்னார்கள். நாடி எண்ணினேன், பி.பி. பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன். மூச்சை மட்டும் எண்ணவில்லை. ஆறு பேருக்கும் 18 என்று எழுதிவிட்டேன். சீனியர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், நானும் எழுதினேன். வார்டு சிஸ்டர் சார்ட்டை வாங்கிப் பார்த்தார். "ஆறு பேரும் ஒரே மாதிரியா மூச்சு விடுறாங்க? வா என்கூட" என்று நான்காவது படுக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடிகாரத்தைக் கையில் கொடுத்து ஒரு முழு நிமிடம் எண்ணச் சொன்னார். 28 வந்தது. அந்த அம்மாவுக்கு முந்தின நாள் வயிற்றில் ஆபரேஷன். காய்ச்சல் இல்லை, பேச்சும் நன்றாகத்தான் இருந்தது. சிஸ்டர் உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார், நுரையீரலில் தொற்று ஆரம்பித்திருந்தது. சீக்கிரம் தெரிந்ததால் ஐந்தாம் நாள் அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். என் கையெழுத்தில் இருந்த அந்த 18-ஐ நான் மறக்கவே இல்லை.

பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். எண்ணுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் அவர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே கண்ணை மட்டும் நெஞ்சில் வைத்து எண்ணுங்கள். பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், கை இதய மட்டத்தில் ஏதாவது ஒன்றின்மேல் இருக்கட்டும், சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றாதீர்கள், அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ உண்டா என்று கேளுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும்.

அடுத்தது கேள்வி கேட்பது. புத்தகத்தில் கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும், அப்படியே தமிழாக்கிக் கேட்டால் பதில் தப்பாக வரும். கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், கால் இரண்டும் வீங்கியிருந்தன. இதயம் பலவீனமானவர்கள் தட்டையாகப் படுத்தால் மூச்சுத் திணறும், அதனால் தலையணையை அடுக்கிப் படுப்பார்கள் என்று படித்திருந்தேன். "அய்யா, ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுப்பீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுதாம்மா" என்றார். ஒன்று என்று எழுதிக்கொண்டேன். எங்கள் பேராசிரியர் வந்து அவர் பக்கத்தில் நின்று, "ராத்திரி தூக்கம் எப்படிங்கய்யா?" என்று மட்டும் கேட்டார். "படுக்கிறது எங்க சாமி. மூணு வாரமா சுவத்துல சாஞ்சு உக்காந்தாத்தான் மூச்சே வருது" என்றார் அந்தப் பெரியவர். அவர் வீட்டில் இருந்ததே ஒரு தலையணைதான். நான் கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு ஆரம்பித்து நோயாளிகள் சொல்லும் சொற்களை நோட்டில் எழுதத் தொடங்கினேன். நீங்களும் எழுதுங்கள். நெஞ்சு "குத்துது" வேறு, "அடைக்குது" வேறு, "கரிக்குது" வேறு. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தமாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் பேனாவை வைத்துவிட்டு இ.சி.ஜி.க்கு ஓடுங்கள். "மயக்கமா வருது" என்றால் தலைசுற்றலா, கண் இருட்டுகிறதா, நினைவே தப்பி விழுந்தாரா என்று பிரித்துக் கேளுங்கள். மூன்றுக்கும் ஊரில் அந்த ஒரே சொல்தான். "கிறுகிறுப்பு", "படபடப்பு", "நீர்க்கடுப்பு", "உப்புசம்" என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மருத்துவச் சொல்லை எழுதி வையுங்கள். பெண்களிடம் எக்ஸ்ரேவுக்கு முன் "மாதவிடாய் சுழற்சி எப்போது" என்று கேட்டால் விழிப்பார்கள். "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள்.

மாத்திரை விஷயத்தில் வாய்ப் பதிலோடு நிற்காதீர்கள். "சர்க்கரை மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றால் எல்லோரும் "சாப்பிடுறேன்" என்பார்கள். அட்டையை வாங்கிப் பாருங்கள். பத்து நாளைக்கு முன் வாங்கிய அட்டையில் எட்டு மாத்திரை அப்படியே இருக்கும். சிலர் காசுக்காகப் பாதியாக உடைத்துப் போடுவார்கள், சிலர் விரத நாளில் விடுவார்கள். திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நாட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வலி மாத்திரை எல்லாவற்றையும் கேளுங்கள். ஆபரேஷனுக்கு வருகிறவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறாரா என்பது அவர் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

இனி டாக்டரிடம் சொல்வது. ஊர், பெயரில் ஆரம்பித்துக் கதை சொல்ல வேண்டாம். "62 வயது ஆண், பத்து வருடமாகச் சர்க்கரை, மூன்று வாரமாகப் படுத்தால் மூச்சுத் திணறல், ஐந்து நாளாக இரண்டு காலிலும் வீக்கம், நாடி 110, மூச்சு 26." இது போதும், மீதியை அவர் கேட்பார். கேட்டதற்கு விடை தெரியவில்லை என்றால், "கேட்கவில்லை சார், இப்போதே கேட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்களைத் தாழ்வாக நினைக்க மாட்டார்கள். ஊகித்துச் சொல்லி ஒரு தடவை மாட்டிக்கொண்டால் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். ராத்திரி போனில் கூப்பிடும்போது கேஸ் ஷீட் கையில் இருக்கட்டும். யார் பேசுகிறேன், எந்த நோயாளி, இப்போது என்ன மாற்றம், எனக்கு என்ன தோன்றுகிறது, அவர் என்ன செய்ய வேண்டும் என்று இந்த வரிசையில் பேசுங்கள். "வந்து பாருங்கள்" என்று சொல்ல நினைத்தால் தயங்காமல் அதையே சொல்லுங்கள்.

தியேட்டரும் உங்கள் உடம்பும்

தியேட்டருக்கு முதல் நாள் சாப்பிடாமல் போகாதீர்கள். இரண்டு இட்லியாவது வயிற்றில் இருக்க வேண்டும். கண் இருட்டினால் வெட்கப்படாமல் மேசையிலிருந்து பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிடுங்கள். ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) துணி எதையும் பிடித்து விழாதீர்கள். எல்லோருக்கும் நடப்பதுதான், இரண்டாவது வாரம் சரியாகிவிடும். தையல் பழக வாழைப்பழத் தோலும் ஒரு ஊசி ஹோல்டரும் போதும். தோல் கிழியாமல் தைக்க வந்துவிட்டால் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை வார்டுக்குப் போகும் முன்பே தொடங்குங்கள். மூன்று தவணை: முதல் ஊசி, அதிலிருந்து ஒரு மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் பிழிந்துகொண்டு நிற்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே பொறுப்பு டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டுவார்களே என்று மறைத்த ஒரு தம்பி மூன்று மாதம் தூங்காமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் சொல்லிவிடுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள், நேராக வெள்ளை டப்பாவுக்குப் போகட்டும்.

எல்லைக்கோடு

வெள்ளைக் கோட்டும் ஸ்டெத்தும் பார்த்து நோயாளிகள் "டாக்டரம்மா" என்பார்கள். ஒவ்வொரு முறையும் திருத்துங்கள்: "நான் டாக்டர் இல்லைங்க. டாக்டரோட பிசிசியன் அசிஸ்டென்ட். நான் பார்த்து டாக்டர்கிட்ட சொல்வேன், அவங்க வந்து பார்ப்பாங்க." முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுவதோ, நம் சொந்தப் பொறுப்பில் மருந்துச்சீட்டு எழுதுவதோ கூடவே கூடாது.

சோதனை ஊரில்தான் வரும். பொங்கலுக்குப் போனால் பெரியம்மா, "பாப்பா, ரெண்டு நாளா உடம்பு அனலா கொதிக்குது, ஒரு ஊசி போட்டு விடேன்" என்பார். போடாதீர்கள். உட்கார வைத்துக் காய்ச்சல் பாருங்கள், பி.பி. பாருங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே இருக்கும் டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

இன்டர்ன்ஷிப், வேலை, வெளிநாடு

இன்டர்ன்ஷிப்பில் ஒவ்வொரு பிரிவாகச் சுற்றுவார்கள். ஐ.சி.யூ., எமர்ஜென்சி இரண்டையும் தவறவிடாதீர்கள். செய்த வேலைகளைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

வேலை பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்தான். அரசு வேலையை மட்டும் நம்பி இந்தப் படிப்புக்கு வராதீர்கள். தொடக்கச் சம்பளம் உழைப்புக்கு ஏற்றதாக இருக்காது, இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே பிரிவில் இரண்டு மூன்று வருடம் நின்று கைத்திறன் வந்த பிறகுதான் நம் சொல்லுக்கு மதிப்பும் சம்பளமும் ஏறும். எந்த மருத்துவமனையில் கற்றுக்கொடுக்கிறார்கள், எங்கே டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் தட்டச்சு செய்ய வைக்கிறார்கள் என்று சீனியர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள். முதல் வேலையில் கற்பதற்கு இடம் இருந்தால் ஆயிரம் இரண்டாயிரம் குறைவானாலும் அதையே எடுங்கள் என்பது என் எண்ணம்.

2021-இல் வந்த தேசிய சட்டம், அலைடு ஹெல்த்கேர் (மருத்துவம் சார்ந்த) தொழில்களின் பட்டியலில் நம்மையும் சேர்த்து, அதற்கென ஓர் ஆணையத்தை உருவாக்கியது. நாங்கள் பல வருடம் ஏங்கிக் காத்திருந்த விஷயம் அது. பதிவு பற்றிய அறிவிப்புகளைத் தவறாமல் கவனியுங்கள். மேலே படிக்க எம்.எஸ்சி. பிசிசியன் அசிஸ்டென்ட், மருத்துவமனை நிர்வாகம், பொது சுகாதாரம் என்று வழிகள் இருக்கின்றன.

வெளிநாட்டு ஆசை காட்டும் ஏஜென்சிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்காவில் இது முதுகலைப் படிப்பு. அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தால்தான் அவர்களின் சான்றிதழ்த் தேர்வையே எழுத முடியும். இங்கே வாங்கிய பட்டத்தை வைத்து நேராக அங்கே வேலைக்குப் போக முடியாது. பிரிட்டனில் 2024 டிசம்பரிலிருந்து மருத்துவக் கவுன்சில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. அரசு கேட்டு 2025 ஜூலையில் வந்த ஆய்வறிக்கை, தெளிவாக வரையறுத்த சில சூழ்நிலைகளைத் தவிர, இன்னும் நோய் கண்டறியப்படாத நோயாளிகளை இவர்கள் முதலில் பார்க்கக் கூடாது என்றும், "அசோசியேட்" என்ற பெயரைத் திரும்ப "அசிஸ்டென்ட்" என்றே மாற்ற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அங்கேயே பெயரும் எல்லையும் இன்னும் பேச்சில் இருக்கிறது. வளைகுடாவில் நாட்டுக்கு நாடு உரிமம் வேறு. பணம் கட்டும் முன் அந்த நாட்டு உரிமத் துறையின் பட்டியலில் நம் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

நேர்முகத் தேர்வில் சான்றிதழ் ஃபைலைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் வார்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நோயாளியைக் காட்டி, பதினைந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்பார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் கையைக் கழுவுங்கள், நோயாளிக்கு வணக்கம் சொல்லி நீங்கள் யார் என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும் தமிழில் கேளுங்கள், மூச்சை எண்ணுங்கள். வெளியே வந்ததும் வாசலில் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்த வார்டு, எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.